இருட்டிலும் அகலமாக: மிரர்லெஸ் கேமராவுக்கு லென்ஸ் வாங்கும் முன்...

கம்ப்யூட்டர் வாங்கிய வீட்டில் அடுத்து வந்து சேருவது பெரும்பாலும் ஒரு கேமராதான். எடுத்த படங்களைச் சேமிக்க, பெரிய திரையில் பார்க்க, திருத்தி அச்சிட வசதி வந்துவிட்டதல்லவா? இப்போது கடைகளில் அதிகம் விற்பனையாவது மிரர்லெஸ் கேமராக்கள். பழைய எஸ்.எல்.ஆர். கேமராக்களின் உள்ளே இருந்த கண்ணாடி இவற்றில் இல்லை. அதனால் உடல் சிறியது, எடை குறைவு. லென்ஸை மட்டும் தேவைக்கேற்ப மாற்றிக் கொள்ளலாம்.

கேமராவுடன் ஒரு ஜூம் லென்ஸ் தருவார்கள். இதைக் கிட் லென்ஸ் என்பார்கள். பகலில் இது நன்றாகவே வேலை செய்யும். பொழுது சாய்ந்த பிறகு நடக்கும் கோயில் விழா, கல்யாண ஊர்வலம், வீட்டு விசேஷம் ஆகியவற்றை எடுத்துப் பாருங்கள். படம் கலங்கும், அல்லது புள்ளி புள்ளியாக இரையும். உடனே கடைக்காரர், "வைட் பிரைம் லென்ஸ் வாங்கிக்குங்க சார்" என்பார். வாங்கலாம். எது, எத்தனை மி.மீ., எந்த எஃப் எண் என்பதில்தான் குழப்பம். கேமராவின் விலையில் பாதியை விழுங்கிவிடக்கூடிய பொருள் இது. எனவே யோசித்து வாங்க வேண்டும்.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்கும் வழி உங்கள் கம்ப்யூட்டரிலேயே இருக்கிறது. அதை இந்தக் கட்டுரையில் பார்க்கலாம். உதாரணத்திற்கு ஒரு விழாவை எடுத்துக் கொள்கிறேன். அது பழையசீவரம் பார்வேட்டை.

பார்வேட்டையில் என்ன சிக்கல்?

காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு செல்லும் சாலையில், வாலாஜாபாத்தைத் தாண்டினால் பழையசீவரம். பாலாற்றங்கரையில் ஒரு சிறிய மலை, அங்கே லட்சுமி நரசிம்மர் கோயில். ஆற்றின் எதிர்க்கரையில் திருமுக்கூடல். பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடும் இடம் என்பதால் அந்தப் பெயர்.

காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலில் இப்போதுள்ள மூலவர் பழையசீவரத்திலிருந்து சென்றவர் என்பது கோயில் மரபு. அத்தி வரதர் 40 ஆண்டுகளுக்கு ஒரு முறை குளத்திலிருந்து வெளியே வருகிறார் அல்லவா? கடைசியாக 2019-ல் தரிசனம் நடந்தது. அந்த அத்தி வரதர் குளத்திற்குள் சென்ற பிறகு மூலவராக வந்தவர் இவர் என்கிறார்கள்.

ஒவ்வொரு ஆண்டும் பொங்கல் இரவு காஞ்சிபுரத்திலிருந்து புறப்படும் வரதர், மறுநாள் மாட்டுப் பொங்கலன்று பழையசீவரம் மலைக்கு வந்து சேருகிறார். அங்கே திருமஞ்சனம் நடக்கும். பிறகு மலையிலிருந்து இறங்கி, லட்சுமி நரசிம்மருடன் பாலாற்றைக் கடந்து திருமுக்கூடல் செல்கிறார். காவாந்தண்டலம், சாலவாக்கம் பெருமாள்களும் அங்கே வந்து கூடுகிறார்கள். திருமுக்கூடல் அப்பன் வெங்கடேசப் பெருமாளையும் சேர்த்தால் ஐந்து பெருமாள்கள் ஓரிடத்தில்!

படம் எடுப்பவருக்கு இங்கே இரண்டு சிக்கல்கள்.

முதல் சிக்கல், இடம். கூட்டத்தில் பின்னால் நகர வழியே இருக்காது. பல்லக்கு உங்களிடமிருந்து மூன்று, நான்கு மீட்டர் தூரத்தில் கடந்து போகும். அந்தத் தூரத்திலேயே குடை, பல்லக்கு, ஸ்ரீபாதம் தாங்கிகள், சுற்றி நிற்கும் ஜனங்கள் எல்லாம் படத்துக்குள் வர வேண்டும்.

இரண்டாவது சிக்கல், ஒளி. ஜனவரி நடுவில் மாலை 6 மணியளவில் சூரியன் மறைந்துவிடும். அதன் பிறகு ஜெனரேட்டர் விளக்கும் சீரியல் பல்பும்தான். பல்லக்கோ நிற்காமல் ஆடிக்கொண்டே வரும்.

"தூரத்திலிருந்து ஜூம் செய்து பெருமாளை மட்டும் எடுத்தால் போதாதா?" என்று கேட்கலாம். முகம் மட்டும் வேண்டுமானால் போதும். என் தாயாருக்கு முழங்கால் வலி. மலை ஏற முடியாது என்பதால் நான் எடுத்து வரும் படங்களைக் கம்ப்யூட்டர் திரையில்தான் அவர் பார்வேட்டை பார்க்கிறார். நெருக்கமாக எடுத்த படம் ஒன்றைப் பார்த்து அவர் கேட்டது, "பெருமாள் தெரியறார்டா, ஆறு எங்கே?" என்பதுதான். விழா என்பது சாமி மட்டுமல்ல. ஊரும் ஆறும் ஜனங்களும் சேர்ந்ததுதான் விழா. அதனால்தான் அகலமான லென்ஸ் தேவைப்படுகிறது.

மூன்று சொற்கள்

லென்ஸ் மீது எழுதியிருப்பதைப் படிக்க மூன்று விஷயங்கள் தெரிந்தால் போதும்.

பிரைம்: ஜூம் இல்லாத லென்ஸ். ஒரே ஒரு குவியத் தூரம்தான். அகலமாகவோ நெருக்கமாகவோ வேண்டுமானால் நீங்கள்தான் முன்னே பின்னே நடக்க வேண்டும்.

மி.மீ.: இது குவியத் தூரம். எண் சிறியதாக இருந்தால் அகலமான காட்சி. எண் பெரியதாக இருந்தால் நெருக்கமான காட்சி.

எஃப் எண்: லென்ஸின் கண்மணி எவ்வளவு திறக்கும் என்பதைச் சொல்வது. இதில் புதியவர்கள் தடுமாறுவார்கள். எண் சிறியதானால் திறப்பு பெரியது. எஃப் 1.4-க்கு அடுத்த படி எஃப் 2, பிறகு 2.8, பிறகு 4. ஒவ்வொரு படியிலும் ஒளி பாதியாகக் குறையும். எஃப் 2 அல்லது அதற்கும் குறைந்த எண் உள்ளவற்றை வேகமான லென்ஸ் என்கிறார்கள். நிறைய ஒளி வருவதால் ஷட்டரை வேகமாக மூடித் திறக்க முடியும். அதனால் அந்தப் பெயர்.

இத்துடன் கேமராவின் சென்சார் அளவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரே 16 மி.மீ. லென்ஸ், சென்சாருக்குத் தகுந்தபடி வேறு வேறு அகலத்தைத் தரும். எல்லாவற்றையும் ஒரே அளவுகோலில் பார்க்க, லென்ஸின் மி.மீ. எண்ணைக் கீழ்க்கண்ட எண்ணால் பெருக்கிக் கொள்ளுங்கள்.

• ஃபுல் ஃபிரேம்: 1
• ஏபிஎஸ்-சி (சோனி, ஃபியூஜி, நிக்கான்): 1.5
• ஏபிஎஸ்-சி (கேனன்): 1.6
• மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் (பானசோனிக், ஒலிம்பஸ், ஓ.எம். சிஸ்டம்): 2

சோனி ஏபிஎஸ்-சி கேமராவில் 16 மி.மீ. என்பது 24-க்குச் சமம். மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் அதே 24 வேண்டுமானால் 12 மி.மீ. வாங்க வேண்டும். இனி வரும் கணக்குகளில் இதைச் "சம எண்" என்று குறிப்பிடுகிறேன்.

எவ்வளவு அகலம்? கால்குலேட்டரைத் திறக்கவும்

கேமராவைப் படுக்கை வாக்கில் பிடித்தால் படத்துக்குள் எத்தனை மீட்டர் அடங்கும் என்பதற்கு எளிய கணக்கு உண்டு.

அகலம் = தூரம் × 36 ÷ சம எண்
உயரம் = தூரம் × 24 ÷ சம எண்

பல்லக்கு 4 மீட்டர் தூரத்தில் வருகிறது என்று வைத்துக் கொள்வோம்.

சம எண் 35: அகலம் சுமார் 4.1 மீட்டர், உயரம் 2.7 மீட்டர். பெருமாள் நன்றாகத் தெரிவார். குடையின் உச்சியும் ஓரத்தில் இருக்கும் தாங்கிகளும் வெட்டுப்படுவார்கள்.

சம எண் 24: அகலம் 6 மீட்டர், உயரம் 4 மீட்டர். குடை, பல்லக்கு, தாங்கிகள் எல்லாம் அடங்கும்.

சம எண் 18: அகலம் 8 மீட்டர், உயரம் 5.3 மீட்டர். எல்லாம் அடங்கும். ஆனால் பெருமாள் சிறியதாகிவிடுவார். படத்தின் பாதியில் வானமும் தரையும்தான் இருக்கும்.

(மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் படங்கள் 4:3 வடிவில் வருவதால் அகலம் சற்றுக் குறைந்தும் உயரம் சற்றுக் கூடியும் இருக்கும்.)

ஆக, கூட்டத்துக்குள் நின்று ஊர்வலம் எடுப்பவருக்கு 24 சம எண் பொருத்தமான நடு அளவு. மலை மேலிருந்து ஆற்றையும் வானத்தையும் எடுப்பவருக்கு 18 பிடிக்கும். வீட்டு விசேஷத்தில் நான்கைந்து பேரை எடுப்பவருக்கு 35 போதும்.

எவ்வளவு ஒளி? இன்னொரு கணக்கு

கிட் லென்ஸின் அகலமான முனையில் பெரும்பாலும் எஃப் 3.5 தான் கிடைக்கும். இதற்குப் பதில் எஃப் 1.4 லென்ஸ் வைத்தால் எவ்வளவு லாபம்? 3.5-ஐ 1.4-ஆல் வகுத்து, விடையை அதே எண்ணால் பெருக்கவும். 2.5 × 2.5 = 6.25. அதாவது 6 மடங்குக்கு மேல் ஒளி!

இந்த ஆறு மடங்கை எப்படிச் செலவு செய்யலாம்? கிட் லென்ஸில் ஐ.எஸ்.ஓ. 3200, ஷட்டர் 1/15 வினாடி என்று கேமரா சொல்லும் இடத்தில், எஃப் 1.4 லென்ஸில் அதே ஐ.எஸ்.ஓ.வில் சுமார் 1/100 வினாடி கிடைக்கும். 1/15-ல் நடப்பவர்கள் ஆவி போலக் கலங்குவார்கள். 1/100-ல் மெல்ல நடந்து வருபவர்கள் தெளிவாக நிற்பார்கள்.

இதே கணக்கை மற்ற எண்களுக்கும் போடுங்கள். எஃப் 2 லென்ஸில் 3 மடங்கு. எஃப் 2.8 லென்ஸில் ஒன்றரை மடங்குதான். "பிரைம்" என்று எழுதியிருப்பதாலேயே ஒரு லென்ஸ் இருட்டுக்கு ஏற்றதாகிவிடாது என்பதைக் கவனியுங்கள்.

"என் கேமராவில் ஸ்டெபிலைசேஷன் இருக்கிறதே?" என்பவர்களுக்கு: அது உங்கள் கை நடுக்கத்தைச் சரி செய்யும். பல்லக்கு ஆடுவதைச் சரி செய்யாது. கோபுரத்தை எடுக்க உதவும். ஊர்வலத்துக்கு உதவாது.

மொபைலே போதாதா என்றும் கேட்பார்கள். பகலில் போதும். இரவில் மொபைல் போன், பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாகச் சேர்க்கிறது. அசையாத காட்சிக்கு அது நன்றாக இருக்கும். நகரும் மனிதர்களின் முகம் மெழுகு பூசியது போல் ஆகிவிடுவதைப் பெரிய திரையில் திறந்து பார்த்தால் தெரியும்.

கம்ப்யூட்டரைக் கேளுங்கள்

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். நீங்கள் எடுக்கும் ஒவ்வொரு படத்தின் உள்ளேயும் எத்தனை மி.மீ., எந்த எஃப் எண், என்ன ஷட்டர் வேகம், எவ்வளவு ஐ.எஸ்.ஓ. என்ற தகவல்களைக் கேமரா எழுதி வைக்கிறது. இதற்கு எக்சிஃப் என்று பெயர். விண்டோஸில் இதைப் பார்க்கத் தனி சாஃப்ட்வேர் தேவையில்லை.

1. படங்கள் உள்ள ஃபோல்டரைத் திறக்கவும்.
2. வியூ மெனுவில் டீட்டெய்ல்ஸ் என்பதைக் கிளிக் செய்திடவும். படங்கள் பட்டியலாக மாறும்.
3. பட்டியலின் மேலே நேம், சைஸ் போன்ற தலைப்புகள் இருக்கும். அவற்றின் மீது ரைட் கிளிக் செய்திடவும்.
4. கிடைக்கும் மெனுவின் அடியில் மோர் என்பதைக் கிளிக் செய்திடவும்.
5. வரும் நீண்ட பட்டியலில் ஃபோக்கல் லென்த், எஃப்-ஸ்டாப், எக்ஸ்போஷர் டைம், ஐ.எஸ்.ஓ. ஸ்பீட் ஆகிய நான்கையும் டிக் செய்து ஓகே கொடுக்கவும்.
6. இப்போது ஃபோக்கல் லென்த் தலைப்பின் மீது கிளிக் செய்தால் படங்கள் மி.மீ. வரிசையில் அடுக்கப்படும். ஐ.எஸ்.ஓ. தலைப்பின் மீது கிளிக் செய்தால் அந்த வரிசையில் வரும்.

ஒரே ஒரு படத்தின் விவரம் மட்டும் வேண்டுமானால், அதன் மீது ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் சென்று, டீட்டெய்ல்ஸ் டேபில் பார்க்கலாம்.

எல்லாப் படங்களையும் கணக்கில் எடுக்க வேண்டாம். உங்களுக்குப் பிடித்த 100 படங்களைத் தனி ஃபோல்டரில் காப்பி செய்து அவற்றை மட்டும் பாருங்கள். மூன்றில் ஒரு விடை கிடைக்கும்.

• பெரும்பாலான படங்கள் கிட் லென்ஸின் அகலமான முனையில், அதாவது 16 அல்லது 18 மி.மீ.யில் இருக்கின்றன. ஐ.எஸ்.ஓ.வும் 3200-க்கு மேல். அப்படியானால் வேகமான வைட் பிரைம் உங்களுக்குத் தேவை. தயங்க வேண்டாம்.
• அகலமான முனையில்தான் எடுக்கிறீர்கள். ஆனால் ஐ.எஸ்.ஓ. 800-க்குள்தான் இருக்கிறது. நீங்கள் பகல் வெளிச்சத்தில் எடுப்பவர். எஃப் 1.4-க்குப் பணம் கொடுப்பது வீண். கிட் லென்ஸே போதும்.
• பெரும்பாலான படங்கள் 35 முதல் 50 மி.மீ.யில் இருக்கின்றன. நீங்கள் முகங்களை விரும்புபவர். வைட் லென்ஸ் வாங்கினால் பையிலேயே தூங்கும். 30 அல்லது 35 மி.மீ. பிரைம் பாருங்கள்.

இன்னொரு இலவசச் சோதனையும் உண்டு. கிட் லென்ஸை 16 மி.மீ.யில் வைத்து, ஒரு நாள் முழுவதும் ஜூமைத் தொடாமல் படம் எடுங்கள். மறுநாள் 23 மி.மீ.யில் வைத்து அதே போல எடுங்கள். எந்த நாள் உங்களுக்கு வசதியாக இருந்ததோ அதுதான் உங்கள் லென்ஸ். மலிவு எஃப் எண் என்றாலும் அகலத்தைக் கிட் லென்ஸ் பொய் சொல்லாமல் காட்டிவிடும்.

இருட்டில் ஃபோகஸ் தப்பாதா?

எஃப் 1.4 என்றாலே பின்னணி கலங்கி, மூக்கு தெளிவாகவும் காது மங்கலாகவும் வரும் என்று ஒரு பயம் இருக்கிறது. நெருக்கமான லென்ஸில் அது உண்மை. ஏபிஎஸ்-சி கேமராவில் 56 மி.மீ. எஃப் 1.4 லென்ஸால் 3 மீட்டர் தூரத்தில் ஃபோகஸ் செய்தால், தெளிவாக இருக்கும் ஆழம் சுமார் 16 செ.மீ. தான். அதே தூரத்தில் 16 மி.மீ. எஃப் 1.4 லென்ஸில் சுமார் 2.3 மீட்டரிலிருந்து 4.5 மீட்டர் வரை தெளிவாக இருக்கும். பல்லக்கும் தாங்கிகளும் அதற்குள் அடங்கிவிடுவார்கள். எனவே வைட் லென்ஸில் எஃப் 1.4-ஐத் தைரியமாகப் பயன்படுத்தலாம்.

என்னென்ன லென்ஸ்கள் இருக்கின்றன?

முதலில் மவுண்ட். லென்ஸ் கேமராவில் பொருந்தும் வாய்ப்பகுதி இது. சோனிக்கு ஈ, ஃபியூஜிக்கு எக்ஸ், நிக்கானுக்கு இசட், கேனனுக்கு ஆர்.எஃப். கேனனின் பழைய ஈ.எஃப்-எம் மவுண்ட் வேறு, ஆர்.எஃப். வேறு. செகண்ட் ஹேண்ட் வாங்குபவர்கள் இதைக் கவனிக்கவும்.

சிக்மா 16 மி.மீ. எஃப் 1.4: 2017-ல் வந்தது. ஏபிஎஸ்-சி கேமரா வைத்திருப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது. சோனிக்கு முதலில் வந்து, ஃபியூஜிக்கு 2022-லும், நிக்கானுக்கு 2023-லும், பிறகு கேனன் ஆர்.எஃப்.புக்கும் வந்தது. எடை சுமார் 405 கிராம். சிறிய கேமராவில் மாட்டினால் முன்பக்கம் கனக்கும். அதுதான் குறை.

சோனி 15 மி.மீ. எஃப் 1.4 ஜி: 2022-ல் வந்தது. எடை 219 கிராம்தான். சிக்மாவில் பாதி எடை, கொஞ்சம் கூடுதல் அகலம். சோனி கேமராவுக்கு மட்டும்.

ஃபியூஜி 16 மி.மீ. எஃப் 1.4, 18 மி.மீ. எஃப் 1.4: இரண்டுமே தூசி, தூறல் தாங்கும். ஒவ்வொன்றும் 370 கிராம் அளவில் இருக்கும். 155 கிராம் எடையில் 16 மி.மீ. எஃப் 2.8 லென்ஸ் ஒன்றும் உண்டு. பயணத்துக்கு நல்லது. இரவு ஊர்வலத்துக்கு நான் சொல்ல மாட்டேன்.

விட்ராக்ஸ் 13 மி.மீ. எஃப் 1.4: சோனி, ஃபியூஜி, நிக்கானுக்குக் கிடைக்கிறது. சம எண் சுமார் 20. எடை 420 கிராம்.

சாம்யாங் 12 மி.மீ. எஃப் 2: கையால் ஃபோகஸ் செய்யும் மாடலும், ஆட்டோ ஃபோகஸ் மாடலும் உண்டு. நட்சத்திரம் எடுப்பவர்கள் கையால் திருப்புவதையே விரும்புவார்கள். ஊர்வலத்துக்கு ஆட்டோ ஃபோகஸ் மாடலே நல்லது. சிக்மாவும் 2025-ல் 12 மி.மீ. எஃப் 1.4 லென்ஸ் ஒன்றை வெளியிட்டிருக்கிறது.

கேனன் 16 மி.மீ. எஃப் 2.8: 165 கிராம். ஃபுல் ஃபிரேமில் மிக அகலம். ஆனால் ஒளி லாபம் ஒன்றரை மடங்குதான் என்பதை மறக்க வேண்டாம். கேனன் 24 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ், ஃபுல் ஃபிரேம் கேமராவில் நம் கணக்குக்குச் சரியாக வரும். ஏபிஎஸ்-சி கேமராவில் அது 38 ஆகிவிடும்.

ஒலிம்பஸ் 12 மி.மீ. எஃப் 2: மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸுக்கு. 130 கிராம். சம எண் 24. இன்னும் அகலம் வேண்டுமானால் பானசோனிக் லைக்கா 9 மி.மீ. எஃப் 1.7 உண்டு.

ஃபுல் ஃபிரேம் வைத்திருப்பவர்கள் சோனி 20 மி.மீ. எஃப் 1.8 ஜி (373 கிராம்), நிக்கான் 20 மி.மீ. எஃப் 1.8 எஸ் (505 கிராம்) ஆகியவற்றைப் பார்க்கலாம்.

விலை மாதாமாதம் மாறுவதால் இங்கே தரவில்லை. பொதுவாக, கையால் ஃபோகஸ் செய்யும் லென்ஸ் மலிவு. அடுத்து விட்ராக்ஸ், சிக்மா போன்ற வேறு கம்பெனி லென்ஸ்கள். கேமரா கம்பெனியின் சொந்த லென்ஸ்தான் விலை அதிகம். என்னைக் கேட்டால், ஏபிஎஸ்-சி கேமராவுடன் பார்வேட்டை போன்ற விழாவுக்குச் செல்பவர் 15, 16 மி.மீ. எஃப் 1.4-ல் ஒன்றை எடுத்துக் கொள்வது நல்லது. அகலம், ஒளி இரண்டும் அளவாக அமைந்த இடம் அது.

கடையில் செய்ய வேண்டிய சோதனை

உங்கள் கேமராவையும் மெமரி கார்டையும் எடுத்துச் செல்லுங்கள். எஃப் 1.4-ல் வைத்து இரண்டு படங்கள் எடுங்கள்.

முதல் படம், எழுத்துகள் நிறைந்த தட்டையான ஒரு போஸ்டர் அல்லது செய்தித்தாள். நேருக்கு நேர் நின்று எடுக்கவும். கம்ப்யூட்டரில் 100 சதவீதத்தில் பெரிதாக்கி நான்கு மூலைகளையும் ஒப்பிடவும். நான்கும் நடுப்பகுதியை விடக் கொஞ்சம் மங்கலாக இருப்பது சகஜம். ஒரு மூலை மட்டும் மற்ற மூன்றை விட மோசமாக இருந்தால், உள்ளே கண்ணாடி சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம். வேறு பீஸ் கேளுங்கள்.

இரண்டாவது படம், தூரத்தில் எரியும் சிறு விளக்குகள். அவற்றைப் படத்தின் மூலையில் வைத்து எடுக்கவும். சில லென்ஸ்களில் மூலையிலுள்ள விளக்குப் புள்ளி, பறவை இறக்கை விரித்தது போல நீளும். சீரியல் பல்பு அலங்காரம் உள்ள விழாவில் இது கண்ணை உறுத்தும். நட்சத்திரம் எடுப்பவர்களுக்கு இன்னும் பெரிய தொல்லை.

மூலைகள் இருளடைவதும் நேர்க்கோடுகள் கொஞ்சம் வளைவதும் பெரிய குறைகள் அல்ல. ஜேபெக் படமாக எடுத்தால் கேமராவே பெரும்பாலும் திருத்திவிடும். ரா படமாக எடுப்பவர்கள் நிக்கானின் என்.எக்ஸ். ஸ்டூடியோ, கேனனின் டிஜிட்டல் போட்டோ புரொஃபஷனல் போன்ற இலவச சாஃப்ட்வேர்களில் திருத்தலாம். எல்லா கம்பெனி கேமராவுக்கும் டார்க்டேபிள் என்ற இலவச சாஃப்ட்வேர் உண்டு.

பில், வாரண்டி கார்டு இரண்டையும் கேட்டு வாங்குங்கள். லென்ஸில் உள்ள சீரியல் எண் வாரண்டி கார்டில் உள்ளதா என்று பாருங்கள். சென்னையில் லென்ஸ்களை நாள் வாடகைக்குத் தருபவர்கள் இருக்கிறார்கள். பெரிய தொகை போடும் முன் ஒரு நாள் வாடகைக்கு எடுத்து, மேலே சொன்ன எக்சிஃப் சோதனையை அந்தப் படங்களுக்கும் செய்து பாருங்கள்.

விழா மாலைக்கான செட்டிங்ஸ்

• மோடை எஸ் என்ற நிலையில் வைக்கவும். கேனனில் இது டி.வி. என்று இருக்கும். ஷட்டர் வேகம் 1/100. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் சில விளக்குகள் வினாடிக்கு 100 முறை துடிக்கின்றன. 1/100 வைத்தால் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழுவது குறையும்.
• சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரை அணைத்துவிட்டு மெக்கானிக்கல் ஷட்டரைத் தேர்ந்தெடுக்கவும். எல்.இ.டி. அலங்காரத்தில் கோடு விழ முக்கியக் காரணம் எலக்ட்ரானிக் ஷட்டர்தான்.
• ஐ.எஸ்.ஓ.வை ஆட்டோவில் வைத்து, மேல் வரம்பு 6400 கொடுக்கவும்.
• ஃபிளாஷ் வேண்டாம். பல்லக்கு தூக்குபவர்களின் கண்ணைக் கூச வைக்கும். விளக்கொளியின் நிறத்தையும் கெடுத்துவிடும்.
• முகங்களைப் படத்தின் ஓரத்தில் வைக்காதீர்கள். வைட் லென்ஸ் ஓரத்து முகங்களை இழுத்து நீட்டிவிடும்.
• ஆற்று மணலில் நின்று லென்ஸ் மாற்ற வேண்டாம். ஒரு மணல் துகள் சென்சார் மீது விழுந்தால் போதும், எல்லாப் படத்திலும் கறுப்புப் புள்ளி. வீட்டிலேயே பிரைம் லென்ஸை மாட்டிக் கிளம்புங்கள்.

கோயிலுக்குள் கேமராவைப் பைக்குள் வைத்துவிடுங்கள். சன்னதிக்குள் படம் எடுக்க அனுமதி கிடையாது. கோயில்களுக்குள் மொபைல் போன்களுக்குத் தடை விதிக்க 2022 டிசம்பரில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. வீதியிலும் ஆற்றிலும் நடக்கும் ஊர்வலமே நமக்குப் போதும்.

கல்வெட்டு எடுக்கலாமா?

திருமுக்கூடல் கோயிலில் வீரராஜேந்திர சோழன் காலத்து நீண்ட கல்வெட்டு இருக்கிறது. 11-ஆம் நூற்றாண்டில் அங்கே 15 படுக்கைகள் கொண்ட மருத்துவமனையும், மாணவர்கள் தங்கிப் படிக்கும் கல்விச்சாலையும் இயங்கியதைச் சொல்லும் கல்வெட்டு. கோயில் தொல்லியல் துறையின் பராமரிப்பில் உள்ளது. அங்கே படம் எடுப்பது பற்றிய விதியைக் காவலரிடம் கேட்டுக் கொள்ளுங்கள்.

கல்வெட்டை எடுக்கும்போது எஃப் 1.4 வேண்டாம். எஃப் 5.6 அல்லது 8-ல் வைத்தால் மூலை எழுத்துகளும் கூர்மையாக வரும். கேமராவைச் சுவருக்கு இணையாகப் பிடிக்கவும். அண்ணாந்து எடுத்தால் வரிகள் கூம்பு போலச் சாயும். மாலை வெயில் பக்கவாட்டில் விழும்போது எழுத்துகளின் பள்ளம் நன்றாகத் தெரியும்.

வீடு திரும்பிய பிறகு...

24 மெகாபிக்சல் கேமராவில் ஒரு ரா படம் சுமார் 25 எம்.பி. இருக்கும். 500 படங்கள் எடுத்தால் 12 ஜி.பி.க்கு மேல் ஆகிவிடும். ஹார்ட் டிஸ்கில் இடம் இருக்கிறதா என்று முன்பே பார்த்துக் கொள்ளுங்கள். கார்டை ஃபார்மட் செய்யும் முன், வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றிலும் காப்பி எடுத்து வையுங்கள். இந்த விழா மீண்டும் வர ஒரு வருஷம் ஆகும்.

லென்ஸுக்கும் சாஃப்ட்வேர் அப்டேட் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. ஃபோகஸ் வேகத்தில் உள்ள குறைகளை இப்படிச் சரி செய்வார்கள். சில லென்ஸ்களைக் கேமராவில் மாட்டி, கேமரா வழியாக அப்டேட் செய்ய வேண்டும். விட்ராக்ஸ் 13 மி.மீ. போன்றவற்றில் லென்ஸிலேயே யு.எஸ்.பி.-சி துளை இருக்கிறது. கம்பெனியின் இணையதளத்தில் உங்கள் மாடலுக்கு அப்டேட் வந்துள்ளதா என்று ஆறு மாதத்துக்கு ஒரு முறை பாருங்கள்.

பொங்கலுக்கு முன்பாக லென்ஸ் வாங்க நினைப்பவர்கள், இன்றே உங்கள் படங்களில் 100 தேர்ந்தெடுத்து ஐ.எஸ்.ஓ. வரிசையில் அடுக்கிப் பாருங்கள். எஃப் 1.4 தேவையா, இல்லையா என்பதற்கான விடை அந்தப் பட்டியலிலேயே கிடைத்துவிடும். தேவையில்லை என்று வந்தாலும் லாபம்தான். அந்தப் பணத்தில் ஒரு வெளி ஹார்ட் டிஸ்க் வாங்கலாம்!